ஹய்யை வளர்த்த மான்

பிள்ளையை உருவாக்குவது குருதியா, வளர்ப்பா என்னும் வழக்கில் தனித்தீவில் வளர்ந்த ஒருவனைப் பலரும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. அந்தலூஸில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னு துஃபைல் (இறப்பு 1185) அரபியில் இயற்றிய 'ஹய் இப்னு யக்ழான்' கதையின் நாயகனே அவன். 1671-இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபின் ஐரோப்பாவிலும் புகழ்பெற்ற நூல் இது. பெற்றோரும் ஆசிரியருமின்றி, பித்ரத் என்னும் பிறவி இயல்பு ஒன்றாலேயே மனிதன் மெய்ப்பொருளை எட்டலாம் என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். மூலத்தை ஊன்றிப் படித்தால் நூல் அவ்வாறு கூறவில்லை என்பதே நம் கருத்து.

ஹய்யின் பிறப்பை ஆசிரியர் இரு விதமாகக் கூறுகிறார். இந்தியத் தீவொன்றில் களிமண் புளித்து, தாய்தந்தையின்றியே அவன் தோன்றினான் என்பது ஒன்று. அண்டைத் தீவு மன்னனின் சகோதரி மறைவாக மணந்து பெற்ற மகவைப் பேழையிலிட்டுக் கடலில் விட்டாள் என்பது மற்றொன்று. மான் வந்து பாலூட்டும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. களிமண்ணாயினும் அரச குருதியாயினும் அதன்பின் அணுவளவும் வேறுபாடில்லை. வமிசப் பெருமை பேசும் குடும்பத்தார் இவ்விடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும்.

அந்த மானோ தன் குட்டியை இழந்தது. கனிமரங்களுக்கு அவனை அழைத்துச் செல்கிறது. கடினமான ஓடுகளைத் தன் பற்களால் உடைத்துத் தருகிறது. குளிரில் அணைக்கிறது, வெயிலில் நிழலாகிறது. அவனது ஏழாம் வயதில் அது இறந்துபோக, கூரிய கல்லால் அதன் மார்பைப் பிளந்து, அதனை விட்டுப் போனது எதுவெனத் தேடுகிறான். அவனுடைய பெரும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம். பின்னர் வரும் வானியலும் தத்துவமும் இறைநாட்டமும் அத்தேடலின் கிளைகள். இழக்க ஒரு தாய் இல்லாதிருந்தால் அவனது பித்ரத் எதனைக் கொண்டு தொடங்கியிருக்கும்?

இக்கால ஆய்வும் மானின் பக்கமே நிற்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகர அனாதை விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளுள் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். கொஞ்சுவாரற்ற விடுதியிலேயே தங்கியோர் அறிவில் பின்தங்கினர். இரண்டு வயதுக்குள் குடும்பம் கண்டோர் நன்கு தேறினர். ஆனால், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1979-இல் தொடங்கிய ஆய்வோ, பிரிந்து வளர்ந்த ஒருகரு இரட்டையரிடம் வியத்தகு ஒற்றுமை கண்டது. இவை முரணல்ல. அவ்விரட்டையர் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வீடு வாய்த்திருந்தது.

நூலில் குறையும் உண்டு. ஐம்பதாம் வயதில் அப்ஸால் வந்து, பொருளைக் காட்டிப் பெயர் சொல்லும்வரை ஹய்க்கு மொழியே கிடையாது. மொழியின்றி இத்தனை தர்க்கமா என்று கேட்கத் தோன்றுகிறது. அதனினும் பெரிய குறை முடிவில் உள்ளது. ஸலாமானின் தீவு மக்கள் தன் போதனையை ஏற்காதபோது, அவர்களது பித்ரத்தே குறையுடையது என்று தீர்மானித்து ஹய் திரும்பிவிடுகிறான். இரவும் பகலும் எடுத்துரைத்தான் என்பது உண்மையே. எனினும் மானிடம் தான் பெற்ற ஏழாண்டுகளை அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பாடம் ஏறாத மாணவனைப் 'பிறவி மந்தம்' என்று கடைசி வரிசையில் அமர்த்தும் நம் ஆசிரியர் சிலரின் நினைவே நமக்கு வந்தது. இப்னு துஃபைல் அவனை அவ்வளவு விரைவில் தீவுக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம்.