சம்பளம் உண்டு, தொழிலாளி இல்லை

1955இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஆடிய ரே டெனிசன் என்ற வீரர், ஆட்டத்தில் தலையில் பட்ட அடியால் இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. கால்பந்து அந்தக் கல்லூரியின் தொழில் இல்லையாம். ஆகவே ஆடியவரும் அதன் தொழிலாளி இல்லையாம். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். இப்படிப்பட்ட கோரிக்கைகளைத் தடுக்கவே அந்தச் சொல் பிறந்தது என்பதை, அமைப்பின் இயக்குநராக இருந்த வால்டர் பயர்ஸ் பின்னாளில் தம் நூலிலேயே எழுதினார்.

அந்தச் சொல் கட்டிய மதில் இப்போது சரிந்திருக்கிறது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், வீரர்களின் கல்விச் சலுகைகளுக்கு வரம்பு வைத்த வழக்கில், ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க வழி திறந்தது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்றானது.

பணம் வந்தால் பணக்கார அணிகளே ஜெயிக்கும், போட்டி செத்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். சம்பளமே இல்லாத காலத்தில் மட்டும் போட்டி சமமாக இருந்ததா? 2009 முதல் 2020 வரை நிக் சேபனின் அலபாமா அணி ஆறு முறை தேசியப் பட்டம் வென்றது. வீரருக்குக் கொடுக்கக் கூடாத பணம் பயிற்சியாளரின் சம்பளமாகவும் பளபளக்கும் பயிற்சிக் கூடங்களாகவும் மாறியது. அந்தப் பளபளப்பைப் பார்த்தே சிறந்த இளைஞர்கள் சேர்ந்தார்கள். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. பணம் எப்போதும் இருந்தது. மைதானத்தில் அடிபடுகிறவன் கைக்கு மட்டும் அது வரவில்லை.

புதிய முறையின் பலத்தைக் காண இந்தியானாவைப் பார்க்க வேண்டும். கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளுள் ஒன்று அது. 2023இல் ஆடிய பன்னிரண்டில் மூன்றில்தான் வென்றது. முன்பெல்லாம் கல்லூரி மாறும் வீரர் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்தத் தடை தளர்ந்தது. பெரிய அணியில் பெஞ்சில் காத்திருப்பதைவிட, ஆட வாய்ப்பும் பணமும் தரும் இடத்துக்குப் போவது லாபம் என்றானது. புதிய பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இந்த வழியில் அணியைக் கட்டினார். கலிஃபோர்னியாவிலிருந்து மாறிவந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா, தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றார். 2025 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இந்தியானா பட்டம் வென்றது.

ஆனால் இந்த ஏணி மேல்மாடிக்குள்தான் போடப்பட்டிருக்கிறது. இந்தியானா, தொலைக்காட்சிப் பணம் கொழிக்கும் பிக் டென் லீக்கைச் சேர்ந்தது. 2019 முதல் 2025 வரையிலான ஏழு பட்டங்களும் பிக் டென், எஸ்.இ.சி. என்ற இரண்டே லீக்குகளுக்குப் போயிருக்கின்றன. சிக்னெட்டி வரும்போது, தாம் முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கூட்டிவந்தார். அந்தச் சிறிய அணி அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2025இல் பன்னிரண்டு அணிகளின் இறுதிச் சுற்றுக்கே வந்தது. அங்கே ஆரிகனிடம் 51–34 என்று தோற்றது. அடுத்த பயிற்சியாளரையும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைத்துக்கொண்டது. இப்படிச் சிறிய கல்லூரிகள் நாற்றங்காலாக மட்டுமே நின்றுவிடும் ஆபத்து மெய்யானது.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. 2024இல் லாஸ் வேகாஸின் நெவாடா பல்கலைக்கழக அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த நேரம், தனக்குச் சொல்லப்பட்ட பணம் வரவில்லை என்று அதன் குவார்ட்டர்பேக் விலகினார். பல்கலைக்கழகம் அதை மறுத்தது. வாய்வார்த்தையில் நிற்கும் ஊதியம் இரு தரப்பையும் இப்படித்தான் கைவிடும். ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறவருக்கு, ஓரிடத்தில் படித்த பாடங்கள் இன்னோரிடத்தில் பட்டத்துக்கு உதவாமல் போகின்றன. பங்கீட்டிலும் நியாயம் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பல பின்பற்றும் கணக்கில் சுமார் 75 சதவீதம் கால்பந்துக்கும் 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்கள் கூடைப்பந்துக்குக் கிடைப்பது 5 சதவீதம்தான்.

இவற்றுக்கு மருந்து, பழைய தடையை மீண்டும் பூட்டுவது என்று நான் நினைக்கவில்லை. தொழில்முறைக் கால்பந்து லீக்கில் சம்பள வரம்பு, அணி மாறும் விதி, மருத்துவப் பாதுகாப்பு எல்லாமே வீரர் சங்கத்தோடு பேசி எழுதப்படுகின்றன. கல்லூரி வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றிருக்கிறார்கள். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் அதற்காக வாக்களித்தார்கள். மறு ஆண்டே தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அந்த விவகாரத்தை ஏற்க மறுத்ததால், வாக்குகள் எண்ணப்படவே இல்லை. அந்தக் கதவைத் திறந்தால் வரம்பும் ஒழுங்கும் தாமாகப் பேச்சுமேசைக்கு வரும்.

ரே டெனிசன் இன்று ஆடியிருந்தால் கையில் கொஞ்சம் பணம் இருந்திருக்கும். அவர் விழுந்தபின் அவருடைய மனைவி கேட்ட கேள்விக்கு மட்டும், எழுபது ஆண்டுகள் கழிந்தும், உறுதியான பதில் இல்லை. அதைச் சொல்லாதவரை இந்தச் சீர்திருத்தம் பாதிதான் முடிந்திருக்கிறது.