800 பவுண் கணக்கு

வளர்முக நாடுகளின் மாணவருக்கு வழங்கப்படும் முழுமையான புலமைப்பரிசில்களைப் பற்றிப் பேசுவோர், கல்விக் கட்டணம், உணவு, உறையுள், பிரயாணம் யாவும் இலவசம் என்பதோடு நின்றுவிடுகின்றனர். கொடுப்பவர் யார், எதனை எதிர்பார்த்துக் கொடுக்கின்றார் என்னும் வினா அருமையாகவே எழுகின்றது. இவ்வினாவை இலக்கியத்தில் கூர்மையாக எழுப்பிய நூல், நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபேயின் 'நோ லோங்கர் அற் ஈஸ்' என்பது எமது துணிபு. நைஜீரியா சுதந்திரமடைந்த 1960ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது.

இரு கலாசாரங்களுக்கிடையே அகப்பட்டுத் தவிக்கும் இளைஞனின் கதை என்றே விமர்சகர் பலர் இந்நாவலை வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் போதாது. கதாநாயகன் ஒபி விரும்பும் கிளாரா, 'ஓசு' என ஒதுக்கிவைக்கப்பட்ட குலத்தவள். (சாதியின் கொடுமையை அறிந்த எமது வாசகர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.) ஆனால் காதலுக்கும் குலத்துக்கும் அடியில், நாவல் நெடுகிலும் ஒரு பணக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விமர்சகர் தவறவிட்டது அக்கணக்கையே.

உமுவோபியா என்னும் கிராமத்திலிருந்து பட்டினம் சென்று தொழில் செய்வோர் அமைத்த முன்னேற்றச் சங்கம், தன் உறுப்பினர்மீது தானே வரி விதித்து 800 பவுண் சேர்க்கிறது. மாதம் 5 பவுண் மட்டும் உழைத்தவர்களும் அதிற் கொடுத்தனர். ஒபியை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் படிப்பித்தால், ஊரின் காணி வழக்குகளை அவன் பேசுவான் என்பது அவர்தம் எண்ணம். பெயர் புலமைப்பரிசில்; உண்மையிற் கடன். திரும்பி வந்தபின் அவன் மாதந்தோறும் 20 பவுண் இறுக்க வேண்டும். அதனோடு பெற்றோருக்குப் பணம், தம்பியின் பாடசாலைக் கட்டணம், காரின் காப்புறுதி, வருமானவரி என்று சுமை ஏறுகிறது. உத்தியோகத்தின் அந்தஸ்தைக் காப்பதற்கும் செலவுண்டு. ஈற்றில் அவன் இலஞ்சம் வாங்குகிறான்.

அவன் வகித்த உத்தியோகம் எது? புலமைப்பரிசிற் சபையின் செயலாளர் பதவி. ஏழைகளின் பணத்திற் படித்தவன், படிக்க விரும்பும் பிறரிடமே கை நீட்டுகிறான். இதனை ஒரு தனிமனிதனின் ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்வது நாவலைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயிரவருள் ஒருவனைத் தேர்ந்து, அவன் தலையில் ஊரின் எதிர்காலத்தை ஏற்றி, அந்நிய ஆட்சியாளன் விட்டுச்சென்ற நாற்காலியில் அவனை இருத்தும் முறை இங்கே விசாரணைக்கு வருகிறது.

எனினும் உமுவோபியாச் சங்கத்தினிடம் ஒரு நேர்மை உண்டு. அதன் கணக்கு வெளிப்படையானது. அரசுகள் நடத்தும் திட்டங்களில் அவ்வெளிப்படையைக் காண்பது அரிது. எமது அன்றைய தலைநகரின் பெயரைத் தாங்கிய கொழும்புத் திட்டம் 1951இல் நடைமுறைக்கு வந்தது. 1959இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் வகுக்கப்பட்டது. 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தோன்றி, அடுத்த ஆண்டு லுமும்பாவின் பெயரைப் பெற்றது. ஆசிய, ஆபிரிக்க மாணவர் பல்லாயிரவர் இவற்றாற் பயனடைந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரு முகாம்களும் நாளைய ஆட்சியாளரின் நன்றியையே வாங்க முயன்றன. இன்றுங்கூட, உதவி வழங்கும் செல்வந்த நாடுகள், தம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் வளர்முக நாட்டு மாணவருக்காகும் செலவைத் தமது அபிவிருத்தி உதவிக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. அதாவது, இவ்வாறு மாணவர் செலவாக உதவிக் கணக்கிற் பதியப்படும் பணத்தின் பெரும்பகுதி கொடுத்தவர் நாட்டைவிட்டு வெளியேறுவதேயில்லை. எமது பல்கலைக்கழகங்களின் நூலகத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ அதனால் ஒரு செங்கல்லும் சேர்வதில்லை.

இவ்விடத்தில் அச்சிபேயோடு எமக்கொரு வழக்குண்டு. ஒபி இங்கிலாந்து சென்றதும் சட்டத்தைக் கைவிட்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறான். சங்கம் சினக்கிறது, பின்னர், எப்படியும் வெள்ளைக்காரனுக்குரிய பதவியொன்று கிடைக்குமெனத் தேறுகிறது. சட்டம் பயில அக்காலத்து நைஜீரியர் கடல் கடந்தே ஆகவேண்டும். ஆங்கில இலக்கியத்துக்கு அவ்வாறன்று. 1948இல் தொடங்கிய இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் அதனைக் கற்கலாம். அச்சிபேயே அங்குதான் கற்றார். மருத்துவம் பயிலப் புலமைப்பரிசிலுடன் நுழைந்து, ஓராண்டின் பின் கலைத்துறைக்கு மாறியதால் அப்பரிசிலை இழந்து, குடும்பத்தவர் உதவியோடு படித்து முடித்தவர் அவர். ஆகவே, 5 பவுண் உழைப்பாளியின் பணம் உள்ளூரிற் கிடைக்கக்கூடிய ஒன்றுக்காக இலண்டனிற் செலவாயிற்று என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது. நாவல் இதனை அழுத்திச் சொல்லவில்லை. யோசேப்பு என்னும் எழுதுவினைஞனைத் தவிர, சங்கத்தவரை நாம் பெரும்பாலும் கூட்டங்களிலேயே, பழமொழி பேசுவோராகவே காண்கிறோம். வரி கொடுத்தவனின் சொந்தப் பிள்ளை எங்கே படித்தது, படித்ததா என்பதை நாவல் கேட்காமலே விட்டுவிடுகிறது. ஒபி கைதானபோது, அவன் நன்றி கெட்டவன் என்று முணுமுணுத்துக்கொண்டே, அவனுக்காக வழக்கறிஞரை அமர்த்தப் பணம் கொடுப்பவர்களும் அவர்களே.