இரண்டு பேர், ஒரு கப்பல்

ஆண்டிமடத்துக்காரனுக்குக் கப்பல் மோகம் வரக்கூடாதென்று சட்டமா என்ன? எங்களுக்குத் தெரிந்த அலையெல்லாம் முந்திரிக் காட்டில் காற்று புரள்வதுதான். இருந்தும் எனக்குப் பிடித்த கப்பல் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு பேர்.

முதல் பேர் ராதர்ஹாம். குவீன் மேரி என்ற சொகுசுக் கப்பலைக் கட்டிய அதே ஸ்காட்லாந்து பட்டறையில், 1942இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் நாசகாரி. நான்கு பீரங்கி, எட்டு டார்பிடோக் குழாய். வேகத்துக்காகவே இழைத்த ஒடிசலான உடம்பு. 1945 செப்டம்பரில் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் சரணடைந்தது இதன் தலைவரிடம்தான்.

1949இல் நம்மிடம் வந்து 'ராஜ்புத்' ஆனது. 1971இல், பாகிஸ்தானுடன் போர் நெருங்கியபோது, அது கிழடு. அப்போதுதான் அதற்கு வேஷம் கட்டினார்கள்: நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருக்க, அது விசாகப்பட்டினத்தருகே இருப்பதுபோல ராஜ்புத் வானொலிச் செய்திகளை அனுப்பியது. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி, டிசம்பர் 3 நள்ளிரவில் அங்கேயே மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்நீர்க் குண்டு என்கிறது நம் கடற்படை. உள்வெடிப்பு என்கிறது பாகிஸ்தான். உள்ளிருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தக் குண்டு பார்க்க எண்ணெய் டிரம் மாதிரிதான். நீரின் அழுத்தமே விசையைத் தட்டிவிடும். எத்தனை ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதை மட்டும் முன்னமே திருகி வைக்க வேண்டும்.

1976இல் ராஜ்புத்தை உடைத்து இரும்பாக விற்றார்கள்.