அருளர்: மகளின் இறுவட்டும் தந்தையின் நாவலும்

திருகோணமலைக்காரருக்குப் பொப்பிசை அந்நியப் பண்டமல்ல. நிதி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இலங்கையின் கல்யாண வீடுகளை ஆட்டிவைத்த காலத்தில், இந்த நகரிலிருந்து பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தமிழில் பொப் பாடல்களைப் பாடி இசைத்தட்டாகவும் வெளியிட்டார்கள். காதலும் கேலியும் நையாண்டியும் அந்தத் தலைமுறைப் பாடல்களின் பொருளாயின. கோபம் அவற்றுக்குள் நுழையவில்லை. ஈழத்துப் பெயரொன்றைத் தாங்கிய கோபமான பொப் தொகுப்பொன்று உலகக் கடைகளுக்கு வர 2005 மார்ச் வரை செல்லவேண்டியிருந்தது. அதுவும் லண்டனிலிருந்து, ஆங்கிலத்தில் வந்தது. தொகுப்பின் பெயர் 'அருளர்'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருட்பிரகாசம்.

இத்தனை வருடங்களில் நமது சிற்றேடுகளில் இந்தத் தொகுப்பைக் குறித்து எழுதப்பட்ட கட்டுரை எதனையும் நான் கண்டதில்லை. அவரைப் பற்றிய பேச்சு மட்டும் உண்டு. ஒரு சாரார் 'நம்மட பிள்ளை, ஒஸ்கார் வரைக்கும் போனவ' என்பார்கள். (2009இல் ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஸ்லம்டோக் மில்லியனர்' படப் பாட்டுக்காகப் பரிந்துரைக்கப்பட்டதைச் சொல்கிறார்கள்.) மறு சாரார், குறிப்பாக நம்மவர், 'புலிப்படம் கீறினவ' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இரு சாராரிலும் பாட்டைக் கேட்டவர் குறைவு. முப்பத்தெட்டு நிமிடம் ஓடும் ஓர் இறுவட்டைக் கேட்காமலே தீர்ப்பு எழுதும் இந்தப் பழக்கம் நமது இலக்கிய விமர்சனத்திலும் உள்ளதுதான்.

முதலில் அது செய்யப்பட்ட விதத்தைச் சொல்லவேண்டும். மாதங்கி 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, போரின் தொடக்க வருடங்களை இங்கு கண்டு, இடையில் சென்னையிலும் வாழ்ந்து, 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். தாயார் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் படித்தது திரைப்படம். சங்கீதம் படிக்கவில்லை, வாத்தியமொன்றும் வாசிக்கத் தெரியாது.

அவரை இசைக்குள் கொண்டுவந்தது பங்க் வழிவந்த ஒரு குழு. 'எலாஸ்டிகா' என்ற லண்டன் குழுவின் தலைவி ஜஸ்டீன் பிரிஷ்மன் தமது 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் செய்யவும், குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கவும் மாதங்கியை அழைத்தார். அந்தப் பயணத்தில் உடன் பாடிய பீச்சஸ் என்ற கனடியப் பாடகிதான் றோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியை அவருக்குக் காட்டினார். தாளமும் அடிச்சுரமும் மெட்டும் பொத்தான்களுக்குள் அடங்கிய, மேசைமேல் வைக்கக்கூடிய பெட்டி அது. அதை வைத்துக்கொண்டு வீட்டறையில் தாமாகவே ஆறு பாட்டுகளைச் செய்தார் மாதங்கி. 'கலாங்' என்ற பாட்டு 2003இல் ஒரு சிறு நிறுவனத்தின் ஊடாக 500 தட்டுகள் மாத்திரமே அச்சாகியது. 500 பிரதி என்பது நமது கவிதைத் தொகுதிகளின் கணக்கு. அந்த ஐந்நூறு கைமாறிக் கைமாறிப் பேசப்பட்டபின்னர்தான் எக்ஸ்எல் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

பங்க் என்றால் என்னவென்று நமது வாசகர் சிலர் கேட்கக்கூடும். 1970களின் நடுவில் வேலையற்ற ஆங்கிலேய இளைஞர்கள், வித்துவான்களின் நீண்ட கிற்றார் வாசிப்புகளைச் சலித்து, மூன்று சுரக்கூட்டுத் தெரிந்தால் போதும், மேடையேறு, தட்டை நீயே அடித்து நீயே விற்றுக்கொள் என்று தொடங்கியது அது. அந்தக் கோபத்துக்கு இனிமையான மெட்டைப் பூசிப் பின்வந்தவர்கள் எடுத்தது பொப் பங்க். 'அருளர்' கிற்றார் இசையல்ல. ஜமெய்க்காவின் தாளமும் பிரேசில் சேரிகளின் 'பங்க் கரியோக்கா'வும் (பெயரொற்றுமை தவிர லண்டன் பங்க்குக்கும் இதற்கும் உறவில்லை) லண்டன் தெருப்பேச்சும் கலந்த ஒன்று. ஆனால் அதன் தொழில்முறை முழுவதும் பங்க்கினுடையது. தெரியாததை மறைக்காமல், கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யும் துணிவு அதில் ஒவ்வொரு நிமிடமும் கேட்கிறது. மாதங்கியின் குரல் சுருதி சேர்ந்த குரலல்ல. பாடுவதும் கத்துவதும் பள்ளிப்பிள்ளைகள் கைதட்டி விளையாடும்போது எண்ணுவதும் ஒன்றாகக் கலந்த குரல் அது. அந்தக் குரலே தொகுப்பின் பலம் என்பது என் கணிப்பு.

வெளியீடு இலேசில் நடக்கவில்லை. 2004 செப்டம்பரில் வரவேண்டியது, பிறர் பாடல்களிலிருந்து எடுத்தாண்ட ஒலித்துண்டுகளுக்கு அனுமதி கிடைக்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 'சன்ஷவர்ஸ்' பாட்டின் பல்லவியே 1976இல் வந்த ஓர் அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்தது. தாமதத்தின் நடுவே, டிப்லோ என்ற அமெரிக்க இசைக்காரருடன் சேர்ந்து, எவரிடமும் அனுமதி கேட்காத கலவைத் தொகுப்பொன்றை 2004 கடைசியில் சுற்றுக்கு விட்டார். 'திருட்டுப் பிரதி பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுக்கிறது' என்பது அதன் தலைப்பின் பொருள். நமது கரையைச் சுனாமி அடித்து, கிண்ணியா ஆஸ்பத்திரி கடலோடு போனதும் அந்த மாதத்தில்தான். அசல் தொகுப்பு வந்த 2005இல் பிரித்தானியாவின் மெர்க்குரிப் பரிசுக்கான குறும்பட்டியலில் இடம்பெற்றது.

'சன்ஷவர்ஸ்' பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது. அதை நீக்கினால் அல்லது மறுப்புரை சேர்த்தால்தான் ஒளிபரப்புவோம் என்று எம்டிவி நின்றது, அவர் மாற்றவில்லை. நமது வாசகருக்கு இது உவப்பான செய்தியாக இருக்கும். இருப்பினும் அந்தப் பெயர் அங்கு ஒரு கருத்தாக வரவில்லை, ஒரு சுலோகமாகப் பறந்து போகிறது. பலஸ்தீனத்தைப் பற்றி அந்தப் பாட்டு நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. பாட்டின் படம் தென்னிந்தியக் காட்டில் ராஜேஷ் டச்றிவரால் எடுக்கப்பட்டது. சீருடைபோல் உடுத்த பெண்கள் மரங்களுக்கிடையில் வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகுதான் என்னை உறுத்துகிறது.

தொகுப்பின் உறையும் அவ்வாறே. அச்சுத்தகடு வைத்து வண்ணம் தெளித்த துப்பாக்கிகள், தாங்கிகள், புலிகள். மாதங்கி ஓவியராக அறிமுகமானதே இந்தப் படங்களால்தான். லண்டனின் வாசகருக்கு இவை வர்ணம். மூதூரில், காத்தான்குடியில், ஏறாவூரில் இருப்பவருக்கு அந்த மிருகத்தின் முகம் வர்ணமாகத் தெரிய வழியில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே வருட ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். 2006 ஆகஸ்டில், இந்தத் தொகுப்பு வந்து ஒன்றரை வருடத்துக்குள், மூதூர் முழுவதும் கந்தளாய்க்கு ஓடியது. அதே நாட்களில் மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். அந்த ஓட்டத்துக்கும் அந்தக் கொலைகளுக்கும் பொறுப்பானவர்கள் ஒரே தரப்பினர் அல்லர் என்பது நாம் அறிந்ததே. ஒரு புலியின் படமோ ஒரு சிங்கத்தின் படமோ இந்தச் சிக்கலைத் தாங்காது.

இங்கு தந்தையிடம் வரவேண்டும். மேல்நாட்டுப் பத்திரிகைகள் அருளரைத் 'தமிழ்ப் புலி' என்றே எழுதிவந்தன. அது பிழை. 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககர்த்தர்களில் ஒருவர் அவர். 1976இல் லெபனானில் பலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றவர். பிள்ளைகள் சிறுவராயிருக்கையில் தலைமறைவாக வாழ்ந்தவர். வீட்டுக்கு வரும்போது மாமா என்றே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யப்பட்டார் என்று மகள் சொல்லியிருக்கிறார். தொகுப்பின் தலைப்பை மாற்றும்படி அவர் கேட்டதாகவும் மகளே சொல்கிறார். 2019 டிசம்பரில் காலமானார்.

அந்த அருளர் ஒரு நாவலாசிரியர் என்பது தொகுப்பைக் கொண்டாடியவர்களுக்குத் தெரியாது. 1977 கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக் காங்கேசன்துறைக்குப் போன கப்பலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'லங்காராணி' 1978இல் வந்தது. கலைப்படைப்பு என்ற வகையில் அதில் குறைகள் நிறைய. பாத்திரங்கள் கட்டுரை வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். ஆனால் பேசுகிறார்கள்! கப்பல் தளத்தில் உத்தியோகத்தரும் வியாபாரியும் இளைஞரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டே போகிறார்கள்; அகதி என்பவன் ஒரே முகம் கொண்டவனல்ல என்று நாவலுக்குத் தெரிந்திருக்கிறது. ஈரோஸின் சிந்தனையும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் இருந்தது. வடக்கின் தமிழரை மட்டும் கணக்கில் எடுக்காமல், மலையகத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே ஈழவர் என்று அது பேசியது. அந்த இயக்கம் புலிகளோடு கரைந்துபோனதும் 1990இல்தான். நமது மக்கள் பையொன்றோடு வடக்கை விட்டு நடந்த அதே வருடம். தந்தையின் பெயரைச் சூடிய தொகுப்பில் இந்த முறிவின் சுவடு இல்லை. தந்தை விவாதித்தார், மகள் முழங்குகிறார். பதினொரு வயதுக்குள் நாட்டை விட்டுப்போன பிள்ளையிடம் 1990ஐக் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். சிறுபிள்ளையிடம் கேட்கவில்லை. 2001இல் இங்கு வந்து ஆவணப்படம் எடுக்க முயன்ற இருபத்தாறு வயதுக் கலைஞரிடம் கேட்கிறேன்.

வேறொரு முதல் தொகுப்பை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். மைக்கல் முஹம்மத் நைட் என்ற, இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர் 'த தக்வாகோர்ஸ்' என்ற நாவலை எழுதி, 2003இல் பிரதியெடுத்துத் தானே விநியோகித்தார். ஒரே வீட்டில் வாழும் முஸ்லிம் பங்க் இளைஞர்களைப் பற்றிய கதை. அப்படியான குழுக்கள் அப்போது அங்கில்லை. அவர் கற்பனை செய்தவை. நாவலை வாசித்த பிள்ளைகள் தாங்களே அந்தக் கற்பனையாகிவிட்டார்கள். பொஸ்டனின் பாக்கிஸ்தானிய வழிவந்த இளைஞர்கள் 'த கொமினாஸ்' என்ற குழுவை அமைத்து, 2007இல் பச்சை வர்ணம் பூசிய பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போய்ப் பாடி, 2008இல் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். அவர்களது வார்த்தைகள் பலவற்றை இந்த ஏட்டில் அச்சிட முடியாது. மார்க்க வரம்பை மீறியவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இசை கூடுமா கூடாதா என்ற பழைய வழக்கையும் நான் இங்கு எடுக்கவில்லை. கவனிக்கவேண்டியது ஒன்று. குவாந்தனாமோவையும் அமெரிக்க அரசையும் ஏசிய அதே வாயால் தங்கள் வீட்டையும் தங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் அவர்கள் ஏசினார்கள். 'அருளர்' வெளியே மட்டுமே ஏசுகிறது.

இந்த அளவுகோலை எடுத்த பிறகு நம் பக்கமும் அதை நீட்டத்தான் வேண்டும். நமது போர்க்காலக் கவிதைகள் காத்தான்குடியை, அழிஞ்சிப்பொத்தானையை, வடக்கின் வெளியேற்றத்தைப் பதிந்தன. 'மீஸான் கட்டைகளின் மீள எழும் பாடல்கள்' போன்ற தொகுதிகள் இல்லாவிட்டால் அந்தத் துயரம் எழுத்தில் இருந்திராது. ஆனால் 1990 ஆகஸ்டில் வீரமுனையில் கொல்லப்பட்ட தமிழரைப் பற்றியும், அங்கு நமது ஊர்காவல் படையினர் பெயர் அடிபட்டது பற்றியும் நம்மில் எத்தனைபேர் கதை எழுதினோம்? எழுதினால் ஊரில் எந்த முகத்தோடு நிற்பது என்ற அச்சம் நமக்குத் தெரிந்த அச்சம். லண்டனில் இருந்த மாதங்கிக்கும் அவரது சமூகத்துக்குள் அது இருந்திருக்கும்.

'அருளர்' தொகுப்பில் என்னை முழுவதுமாக வென்ற இடம் மிகச் சிறியது. ஒரு நிமிடமும் வராது. அகதியாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பின் சாயலில், வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லும் குறுந்துண்டு. அதில் துப்பாக்கியில்லை, கொடியில்லை. வெள்ளைக்கார ஆசிரியை முன்னால் வாயைத் திறந்து மூடும் ஒரு கறுத்தப்பிள்ளையின் வெட்கமும் குறும்பும் இருக்கின்றன. கந்தளாயில் கூடாரத்துக்குள் பாடம் நடந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளும் இதேபோலத்தான் ஆங்கிலச் சொற்களைக் கூட்டமாகக் கத்தினார்கள். மழை தறப்பாளில் விழும் சத்தத்தை மேவவேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தை ஒருவரும் பதிவு செய்யவில்லை. நமது மூத்தம்மாமார் பாடிய கவிகளைத் திரட்டினோம், றபான் அடிக்கும் பக்கீர்மாரைப் படம்பிடித்தோம். தறப்பாளுக்குள் வளர்ந்த பிள்ளைகள் இப்போது முப்பதைத் தொடுகிறார்கள். அவர்களில் சிலர் கையில் எம்சி-505ஐவிடப் பத்து மடங்கு வேலை செய்யும் தொலைபேசி இருக்கிறது. இரவில் துறையடியில் உட்கார்ந்து அதில் தாளம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.