தண்டிப்பவனும் எழுதுபவனும்

கொமிக்ஸ் இலக்கியமா இல்லையா என்ற விவாதத்தைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம். நமது பிள்ளைகள் அவற்றை வாசிக்கிறார்கள். எனவே அவை என்ன சொல்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு. நான் இங்கு எடுத்துக்கொள்வது 'பனிஷர்' (தண்டிப்பவன்) தொடரில் கார்த் என்னிஸ் எழுதிய கடைசித் தொகுதியை. 'வாலி ஃபோர்ஜ், வாலி ஃபோர்ஜ்' என்பது அதன் பெயர். மார்வெல் நிறுவனம் வயதுவந்தோருக்கென வெளியிட்ட 'மாக்ஸ்' வரிசையில் 2004 தொடக்கம் 2008 வரை என்னிஸ் அறுபது இதழ்களை எழுதினார். அவற்றில் இறுதி ஆறு இதழ்கள் சேர்ந்து 2008இல் பத்தாம் தொகுதியாயின. ஓவியங்கள் கொரான் பார்லொவினுடையவை.

பிராங்க் காஸில் என்ற இப்பாத்திரம் 1974இல் 'ஸ்பைடர்மான்' இதழொன்றில் முதன்முதலாகத் தோன்றியது. குற்றக்கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன், சட்டத்தைக் கைவிட்டுத் தானே குற்றவாளிகளைத் தேடிக் கொல்கிறான். மற்ற எழுத்தாளர்கள் அவனுக்கு வயது ஏறவிடவில்லை. என்னிஸோ அவன் வியட்நாமில் போரிட்டவன் என்பதை மறக்காமல், அதற்குரிய வயதையும் கொடுத்தார். ஆகவே இத்தொகுதியில் நாம் காண்பது ஐம்பதின் பிற்பகுதியில் நிற்கும் ஒரு மனிதனை. பார்லொவின் கோடுகளில் அவன் முகம் கல்லாகிக் கிடக்கிறது.

கதை சிக்கலற்றது. அமெரிக்க இராணுவ ஜெனரல்கள் சிலரின் இரகசியக் குற்றங்கள் பதிவான ஒளிநாடா காஸிலிடம் இருக்கிறது. அதைக் கைப்பற்ற அவர்கள் கேணல் ஹோ என்பவரின் தலைமையில் விசேட படையணியொன்றை ஏவுகிறார்கள். காஸில் அமெரிக்கச் சிப்பாய்களைச் சுடமாட்டான் என்பது ஜெனரல்களுக்குத் தெரியும். அவனது இந்த நேர்மையையே பொறியாக்குகிறார்கள். இறுதியில் உண்மையை அறிந்த கேணல் காஸிலை விடுவிக்கிறார். ஜெனரல்கள் காஸிலின் கையால் சாகிறார்கள்.

இந்த 'சுடமாட்டான்' என்ற விதியில் சற்றுத் தங்கவேண்டும். தொடருக்கு முன்னோடியாக 2003இல் என்னிஸ் எழுதிய 'போர்ன்' கதை 1971இன் வியட்நாமில் நிகழ்கிறது. அதில் பிடிபட்ட வியட்நாமியப் பெண்ணொருத்தியை வன்புணர்ந்த அமெரிக்கச் சிப்பாயைக் காஸில் நீரில் அமிழ்த்திக் கொல்கிறான். அந்தப் பெண்ணையும் அவனே சுட்டுவிடுகிறான். தளத்தைப் பார்வையிட வந்த ஜெனரலை எதிரியின் குறிக்குள் நடத்திச் செல்கிறான். ஆக, சீருடை அணிந்தவனைத் தொடுவதில்லை என்பது அவனிடம் என்றும் இருந்த அறமல்ல. யாரைக் கொல்லலாம், யாரை விடலாம் என்பதை ஒவ்வொரு முறையும் அவனே தீர்மானிக்கிறான். கடைசித் தொகுதி வரையும் அவனை இயக்குவது ஒரு நீதிக் கோட்பாடு என்று சொல்வதற்கில்லை. விசுவாசமும் வெறுப்புமே அவனை இயக்குகின்றன.

தொகுதியின் உண்மையான பலம் வேறோரிடத்தில் இருக்கிறது. சித்திரப் பக்கங்களுக்கு இடையில் உரைநடைப் பக்கங்கள் வருகின்றன. அவை மைக்கல் குட்வின் என்ற கற்பனை எழுத்தாளரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவையாகத் தரப்பட்டுள்ளன. 'போர்ன்' கதையில் வீடு திரும்ப நாட்களை எண்ணிக்கொண்டிருந்து, வாலி ஃபோர்ஜ் தளம் அழிந்தபோது செத்துப்போன ஸ்ரீவி குட்வினின் சகோதரர் இவர். அத்தளத்தில் உயிர்தப்பியவன் காஸில் ஒருவனே. அங்கே என்ன நடந்தது, தன் சகோதரன் எதற்காகச் செத்தான் என்று மைக்கல் கேட்டுக்கொண்டு போகிறார். சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் பேசுகிறார். தளத்தின் பெயரே ஒரு கசப்பான பகிடி. அசல் வாலி ஃபோர்ஜ், அமெரிக்க சுதந்திரப் போரில் ஜோர்ஜ் வாஷிங்டனின் படை 1777-78 குளிர்காலத்தைக் கழித்த பென்சில்வேனிய முகாம். விடுதலையின் புனித நினைவிடமொன்றின் பெயரை அந்நியரின் மண்ணில் போட்ட முகாமுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

ஆக இங்கே இரண்டு பேர் இறந்தவர்களின் பொருட்டு இயங்குகிறார்கள். ஒருவன் சுடுகிறான், மற்றவர் எழுதுகிறார். தொகுதிக்குத் தலைப்பைத் தந்தது எழுதியவரின் நூல்தான். ஆனால் முடிவைத் தருவது துப்பாக்கி. ஜெனரல்கள் எந்த நீதிமன்றத்திலும் ஏறவில்லை. பிள்ளைகளை இழந்த எந்தத் தாயின் முன்னும் நின்று பதில் சொல்லவில்லை. வாசகனுக்கு ஒரு திருப்தி கிடைக்கிறது, அவ்வளவே. குட்வினின் கேள்விகளைப் பக்கம் பக்கமாக மதித்த என்னிஸ், கடைசியில் அவற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டார் என்பதே எனது பிரதான விமர்சனம்.

இது வெறும் அழகியல் குறையல்ல. காஸிலின் மார்பிலுள்ள மண்டையோட்டை ஈராக்கில் கிறிஸ் கைலின் படையணி தன் வாகனங்களில் வரைந்தது. அமெரிக்கப் பொலிஸாரும் அதை ஒட்டிக்கொண்டனர். 2019இல் வெளிவந்த இதழொன்றில் காஸிலே ஒரு பொலிஸ் வாகனத்திலிருந்து அதைக் கிழித்தெறிவதாகக் காட்டவேண்டி வந்தது. ஆயினும் 2021 ஜனவரி 6இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்த கூட்டத்திடையேயும் அச்சின்னம் தென்பட்டது.

எனது தொழிற்சாலையில் பொதிகட்டும் பகுதியில் நிற்கும் நமது இளைஞர் ஒருவரும் அந்த மண்டையோட்டு ரீசேட் போடுபவர். இத்தொகுதியை எனக்குத் தந்தவரும் அவரே. "சேர், உவன் கூடாத ஆக்களை மட்டுந்தான் சுடுவான்" என்றார். கூடாத ஆட்கள் யார் என்று யார் தீர்மானிப்பது? என்னிஸ் பிறந்த வட அயர்லாந்தில் ஆயுதக்குழுக்கள் 'சமூகவிரோதிகளின்' முழங்காலில் சுட்டன. அதே சொல்லை எண்பதுகளின் யாழ்ப்பாணமும் அறியும். மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களின் உடல்களில் குற்றம் எழுதிய அட்டைகள் தொங்கின. சாட்சி யார், விசாரித்தவர் யார் என்று எந்த அட்டையும் சொன்னதில்லை. அந்த இளைஞர் அப்போது பிறந்திருக்கவில்லை. அவருக்கு இதைச் சொல்லாமல் விட்டவர்கள் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள். நாம் அவருக்குச் சொல்லாததைத்தான் அந்த ரீசேட் தன் பாட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிலர் வாதிடலாம்: நீதிமன்றமே இல்லாத இடத்தில் துப்பாக்கியைத் தவிர என்ன வழி என்று. நியாயமான கேள்வி. காஸிலின் கதை அதற்குப் பதில் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். அறுபது இதழ்களின் முடிவில் அவனது நகரத்தில் குற்றம் குறையவில்லை. அவன் குடும்பம் மீளவில்லை. ஜெனரல்களின் நாற்காலிகளில் வேறு ஜெனரல்கள் அமர்வார்கள். மிஞ்சுவது குட்வினின் நூல் மட்டுமே. ஒருவன் எப்படிச் செத்தான் என்பதை அவனது வீட்டார் அறியும் உரிமை அதற்குள் இருக்கிறது.

இத்தொகுதியை வாசியுங்கள், பிள்ளைகளுடன் இருந்து பேசுங்கள். வன்முறைக் காட்சிகள் கடுமையானவை, சிறுவர்க்கு உகந்ததல்ல. வளர்ந்தவர்கள் உரைநடைப் பக்கங்களைத் தாண்டிச் செல்லாமல் வாசிக்கவேண்டும். தன் தமையனை ஏன் மின்கம்பத்தில் கட்டினார்கள் என்று இன்னமும் அறியாத தம்பிமார், தங்கைமார் நம்மிடையே, இதே நகரங்களில், வாழ்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். அவர்களுக்கு எதிரான கருத்துள்ளோரும் எழுதட்டும். அந்த விவாதத்தை நாம் இனியும் பின்போட முடியாது.