பெட்டி கெட்டிதான், உள்ளே?

திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் சின்ன வயசைக் கழித்த ஒரு வெள்ளைக்காரப் பையன்தான் பிற்பாடு கையில் தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டரை உலகத்துக்கு விற்றுக் காட்டினான். நம்புங்கள். பெயர் ஆடம் ஆஸ்போர்ன். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1964-ல் 'மவுண்டன் பாத்' பத்திரிகையை ஆரம்பித்து நடத்தியவர். பிள்ளை 11 வயசில் இங்கிலாந்து போய், கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, மைக்ரோ கம்ப்யூட்டர் பற்றிப் புத்தகங்கள் எழுதி விற்று, கடைசியில் 1981-ல் ஆஸ்போர்ன்-1 என்ற மெஷினை வெளியிட்டார். 2003-ல் கொடைக்கானலிலேயே காலமானார்.

மெஷினை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டீன். எடை சுமார் 11 கிலோ. மூடிவிட்டால், கைத் தையல் மெஷினை உறையோடு தூக்கிப் போகிற மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதன் உள்பக்கம்தான் கீபோர்டு. நடுவில் 5 அங்குலத் திரை. நம்ம தபால் கார்டு அதைவிடப் பெரிசு. ஒரு சமயத்தில் வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். மீதியைப் பார்க்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். உள்ளே பேட்டரி கிடையாது. பிளக் பாயின்ட் எங்கேயோ அங்கேதான் ஆபீஸ். விலை 1,795 டாலர். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் மென்பொருள்களும் அந்த விலைக்குள் அடக்கம் என்பதால் ஜனங்கள் பாய்ந்து வாங்கினார்கள். உச்சத்தில் மாசம் 10,000 மெஷின் போனது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? 40 வருஷம் கழித்து அதே பெட்டி மறுபிறவி எடுத்திருப்பதால்தான்.

சினிமா ஷூட்டிங்கில் கேமரா யூனிட் ஆட்கள் கறுப்பாக, கனமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பிரபலமானது பெலிக்கன். 1976-ல் தொடங்கிய அமெரிக்க கம்பெனி. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், விமானத்தில் காற்றழுத்தம் மாறினால் சமன் செய்ய ஒரு வால்வு. பல மாடல்களை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டாலும் உள்ளே சொட்டு இறங்காது. இந்த மாதிரிப் பெட்டிக்குள் முழு டெஸ்க்டாப்பையே குடிவைக்கிறார்கள். 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டரில் 'மினி ஐ.டி.எக்ஸ்.' மதர்போர்டு கிடைக்கிறது. மூடிக்குள் ஒரு மெல்லிய மானிட்டர், கீழே போர்டு, ஓரத்தில் எஸ்.எம்.பி.எஸ்., மேலே மூட ஒரு அலுமினியத் தகடு. திறந்தால் ஜேம்ஸ்பாண்ட் படத்து வில்லன் சாமான் மாதிரி ஜோராக இருக்கிறது.

ஜோரை ஒத்துக்கொள்கிறேன். உறுதி என்கிறார்களே, அதில்தான் எனக்குத் தகராறு.

முதல் தகராறு, காற்று. பெட்டியின் பெருமையே காற்றும் தண்ணீரும் புகாது என்பது. டெஸ்க்டாப்பின் தேவையோ ஓயாமல் காற்று. சாதாரண பிராசஸரே 65 வாட் சூட்டைக் கக்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் 300 வாட்டுக்கும் மேலே போகும். மூடிய பெட்டிக்குள் இதை ஓட்டுவது, ஜன்னல் இல்லாத அறையில் அடுப்பு மூட்டுகிற கதை. அதனால் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஃபேன் வைக்கிறார்கள். ஓட்டை விழுந்த நிமிஷமே வாட்டர்ப்ரூஃப் போச்சு. உள்ளது தடித்த சுவர் கொண்ட ஒரு கேபினெட், அவ்வளவுதான். ஆனாலும் தண்ணீர் தெளித்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் பெட்டியின் மேல் டிரில்லே வைப்பதில்லை. பெலிக்கனே உள்ளே பொருத்துகிற சட்டம் தனியாக விற்கிறது. அதில் அலுமினியத் தகட்டைத் திருகி, போர்டு, ஃபேன் எல்லாவற்றையும் அந்தத் தகட்டிலேயே தொங்கவிடுகிறார்கள். காற்றுக்கான ஓட்டைகளும் தகட்டில்தான். மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடும். மூடினால் மெஷின் தூங்கும், பெட்டி வாட்டர்ப்ரூஃப். இது நேர்மையான ஏற்பாடு. அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஏ.சி. ரூமில் குளிர்ந்த பெட்டியைக் கடலோர ஊரில் சட்டென்று திறந்தால், ஈரக்காற்று பட்டு போர்டு வியர்க்கும். ரப்பர் வளையத்தால் அதைத் தடுக்க முடியாது. கொஞ்ச நேரம் திறந்து ஆறவிட்டு அப்புறம்தான் சுவிட்ச் போட வேண்டும்.

இரண்டாவது தகராறு, குலுக்கல். பெட்டி மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாது, சரி. உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற கிராஃபிக்ஸ் கார்டு ஒரே ஒரு ஸ்லாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதே, அதற்கு யார் கேரண்டி? பஸ் மேற்கூரையில் போட்டு விழுப்புரம் தாண்டுவதற்குள் ஸ்லாட் பிளந்துவிடும். கோபுரம் மாதிரி உயரமான ஹீட் சிங்க்கும் அதே ஜாதிதான். தாழ்வான ஹீட் சிங்க், கார்டுக்கு மறுமுனையில் முட்டுக்கட்டை, ஒயர்கள் மூடியின் கீலில் உரசாமல் ஒரு கிளிப் என்று சில்லறை விஷயங்களில்தான் உறுதி இருக்கிறது. இவையெல்லாம் போட்டோவில் விழாது. அதனால் பலர் செய்வதும் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு அவுட்டோர் யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஷூட்டிங் முடிந்து, அன்றைக்கு எடுத்த காட்சி அத்தனையும் கார்டிலிருந்து டிஸ்க்குக்குக் காப்பி ஆக வேண்டும். அப்போதுதான் காலையில் கார்டைக் காலி செய்ய முடியும். ராத்திரி 9 மணிக்கு எஸ்.எம்.பி.எஸ். புகைகிறது. நூறு பேர் சம்பளம், ஹீரோவின் கால்ஷீட் எல்லாம் அந்தப் பெட்டியின் தலையில். அந்த நேரத்தில் யாரும் வாட்டர்ப்ரூஃபைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரால் பெட்டியைப் பிரிக்க முடியுமா, பக்கத்து டவுனில் கடைக்காரரை எழுப்பினால் அந்தப் பார்ட் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விதான்.

இங்கேதான் பல அழகான பெட்டிகள் காலை வாருகின்றன. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டி சைஸ் எஸ்.எம்.பி.எஸ். போட்டிருப்பார்கள். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கலாம். திண்டிவனத்தில் ராத்திரி கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சாதாரண சைஸ் வைத்திருந்தால் பெட்டி நாலு விரற்கடை பெரிதாகியிருக்கும், ஆனால் பிழைத்திருக்கும். சிலர் பசை போட்டு ஒட்டியே விடுகிறார்கள். டெஸ்க்டாப்பின் ஒரே வரம் கழற்றி மாட்டலாம் என்பது. அதைக் கெடுத்துவிட்டால் மிஞ்சுவது 10 கிலோ எடையுள்ள லேப்டாப்.

சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. ஆஸ்போர்ன் கம்பெனி 1983 செப்டம்பரில் திவால். அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்ததால் பழைய மாடல் விற்காமல் போனது என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்கிறார்கள். அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு கேப்ரோ வந்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் மூன்றாவதாக ஒரு பெட்டி வந்துவிட்டது. காம்பேக் போர்ட்டபிள். 1982 நவம்பரில் அறிவித்து 1983-ல் கடைக்கு வந்தது. எடை 12 கிலோவுக்கும் மேல், விலை 2,995 டாலர். ஆஸ்போர்னைவிட கனம், அதைவிட காஸ்ட்லி. முதல் வருஷமே 53,000 விற்றது. காரணம் கைப்பிடி இல்லை. ஐ.பி.எம். பி.சி.க்காக எழுதிய மென்பொருள் அதில் அப்படியே ஓடியது. பி.சி.க்குச் செய்த கார்டுகளும் உள்ளே பொருந்தின. ஊரோடு ஒத்து வாழ்ந்தது, பிழைத்தது.

'இந்த வம்பெல்லாம் எதற்கு, ஒரு லேப்டாப் வாங்கிட்டா முடிஞ்சுதே' என்பீர்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் சரி. அடி தாங்குகிற லேப்டாப்புகளும் உண்டு. பானசோனிக் 1996-லிருந்து 'டஃப்புக்' விற்கிறது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். நம்ம ஊர் உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குக் கையில் 7 கிலோதான் அனுமதி. ஆஸ்போர்ன் இன்றைக்கு இருந்தால் செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் இன்றைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் மெமரியை போர்டிலேயே சால்டர் செய்து அனுப்புகிறார்கள். போனால் போர்டே போச்சு. உங்கள் காசு கொடுத்து வாங்கிய மெஷினைத் திறக்க உங்களுக்கே வழியில்லை. அந்த எரிச்சலில்தான் இத்தனை பேர் பெட்டியும் தகடுமாக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ராவிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த எரிச்சல் நியாயமானது. பெட்டி சில சமயம் அந்த நியாயத்தை மறந்துவிட்டு மிலிட்டரி வேஷம் கட்டிக்கொள்கிறது என்பதுதான் என் குறை.

யாராவது இப்படி ஒரு பெட்டியைச் செய்துகாட்டினால், அல்லது செய்து தருகிறேன் என்று உங்களிடம் அட்வான்ஸ் கேட்டால், தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லாதீர்கள். எதிரே உட்கார்ந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 10 நிமிஷத்தில் முடித்தால் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். 'அதெல்லாம் கழட்ட வேண்டிய அவசியமே வராது சார்' என்று ஆரம்பித்தால், லேப்டாப்பே வாங்கிக்கொள்ளுங்கள். தோள்வலியாவது மிச்சம்.