டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டை நாட்குறிப்பு

'ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்போர்ட் இன் சதர்ன் இந்தியா' (1892) தென்னிந்திய மலைகளில் நடந்த வேட்டைகளைப் பதிவு செய்த ஆங்கில நூல். டக்ளஸ் ஹாமில்டன் 1844 முதல் 1870 வரை எழுதிவந்த நாட்குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகள் இதன் முதன்மையான களங்கள். சிங்கப்பூர், ஜாவா, லபுவான் பற்றிய குறிப்புகளும் இதில் உள்ளன.

இந்நூல் பெரும்பாலும் காலனிய வேட்டை இலக்கியத்தின் ஒரு மாதிரியாகவே பேசப்படுகிறது. இக்கட்டுரை இதை மான்களையும் மலை விலங்குகளையும் பற்றிய கள நாட்குறிப்பாகக் கொண்டு மதிப்பிடுகிறது. நாள்தோறும் காட்டுக்குச் சென்று கண்டதை எழுதிவைத்த ஒருவரின் குறிப்பு இன்று எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதே இங்குள்ள கேள்வி.

ஆசிரியர்

டக்ளஸ் ஹாமில்டன் (1818–1892) சென்னை ராணுவத்தின் 21ஆவது சுதேசிக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். 1850களில் ஆனைமலைக் காடுகளில் அரசின் மரம் வெட்டும் பணியை மேற்பார்த்தார். ஹக் கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை 1856ல் உருவான காலம் அது. 1860களில், ஐரோப்பியப் படையினர் தங்கி உடல் தேறுவதற்கு ஏற்ற மலைமேடுகளைப் பார்த்துப் படம் வரையும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. சேர்வராயன் மலையையும் பழனி மலையையும் அவ்வாறு வரைந்து அறிக்கை அளித்தார். கொடைக்கானலை அடுத்த பேரிஜம் பகுதியில் ஓர் இடம் அவர் பெயரால் 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்று அழைக்கப்பட்டது.

1892 ஜனவரியில் ஹாமில்டன் மறைந்தார். அதே ஆண்டில் அவருடைய சகோதரர் எட்வர்ட் ஹாமில்டன் நாட்குறிப்புகளைத் தொகுத்து லண்டனில் நூலாக வெளியிட்டார். எழுதியவர் ஒருவர், அச்சுக்குத் தேர்ந்தெடுத்தவர் இன்னொருவர். நூலை மதிப்பிடுபவர் இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

மான்களும் பெயர்களும்

இவ்வகை நூல்களைப் படிக்கும் தமிழ் வாசகரை முதலில் குழப்புபவை பெயர்கள். அக்கால ஆங்கில வேட்டைக்காரர்கள் தமக்குத் தெரிந்த மேலை நாட்டு விலங்குகளின் பெயர்களை இங்குள்ளவற்றுக்குச் சூட்டினர். காட்டெருது 'பைசன்' ஆனது. வரையாடு 'ஐபெக்ஸ்' ஆனது. கேளையாடு 'ஜங்கிள் ஷீப்' ஆனது. கேளையாடு மான் இனம். தமிழும் அதை ஆடு என்றே சொல்கிறது. வரையாடு மான் அல்ல. 2005ல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின் அது 'நீலகிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினமாக வைக்கப்பட்டுள்ளது.

பெரிய மானுக்குத் தமிழிலேயே பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் கடமான், தென்கோடியில் மிளா, இலங்கையில் மரை. இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் அதையே 'எல்க்' என்றனர். ஆகவே எந்த நூலைப் படிப்பதற்கு முன்பும் அதில் வரும் பெயர்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்வது மாணவர்களுக்கு நல்லது. இல்லையெனில் தவறான விலங்கைப் பற்றி முடிவு செய்ய நேரும்.

ஆங்கிலம் தமிழிடமிருந்து கடன் வாங்கியதும் உண்டு. மலைப் புல்வெளிகளின் மடிப்புகளில் அடர்ந்து கிடக்கும் காட்டை இந்நூல்கள் 'ஷோலா' என்கின்றன. அது நம் சோலைதான். கடமான் பகலில் சோலைக்குள் படுத்திருந்து, அந்தியிலும் விடியலிலும் புல்வெளிக்கு வரும். அதனால் வேட்டை இரு வகையாக நடந்தது. ஆட்களைவிட்டுச் சோலையைக் கலைத்து மானை வெளியேற்றிச் சுடுவது ஒன்று. காற்றின் திசை பார்த்துத் தனியாகப் பதுங்கிச் சென்று சுடுவது மற்றொன்று. பின்னதற்குப் பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும். பயனுள்ள குறிப்புகள் பெரும்பாலும் அவ்வகை வேட்டையிலிருந்தே கிடைக்கின்றன.

நூலின் வலிமை

இந்நூலின் வலிமை அதன் கால நீட்சி. ஒரே மனிதர் இருபத்தாறு ஆண்டுகளாக எழுதிய குறிப்புகள் இவை. அந்த இடைவெளியில் வாய்வழி மருந்திடும் துப்பாக்கி போய்ப் பின்வழித் தோட்டா இடும் துப்பாக்கி வந்தது. காப்பித் தோட்டங்கள் பெருகின. நீலகிரியில் 1860 முதல் சின்கோனா பயிரிடப்பட்டது. சோலைகள் குறைந்தன. இந்த மாற்றங்களினூடே எழுதப்பட்ட குறிப்பில், எந்த மலையில் எந்த விலங்கு இருந்தது என்ற செய்தி சேர்ந்துகொண்டே வருகிறது. வரலாறு எழுதும் நோக்கம் ஆசிரியருக்கு இல்லாதபோதும் தேதியிட்ட குறிப்பு வரலாறாகிவிடும். புதுச்சேரியில் 1736ல் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்கு நாம் நன்கறிந்த சான்று.

இதே காலத்தைச் சேர்ந்த சாமுவேல் பேக்கரின் 'தி ரைஃபிள் அண்ட் தி ஹவுண்ட் இன் சிலோன்' நூலுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய பேக்கர், வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் வீழ்த்தியவர். அவருடைய நடை விறுவிறுப்பானது. கதை சொல்வதில் ஹாமில்டனைவிட அவரே தேர்ந்தவர். ஆனால் கதைக்கு உச்சம் தேவை. உச்சம் இல்லாத நாள் கதையில் இடம்பெறாது. நாட்குறிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாசிப்பின்பம் நாடுபவர் பேக்கரையும், ஒரு மலையின் பழைய நிலையை அறிய விரும்புபவர் ஹாமில்டனையும் எடுப்பது சரி.

குறைகள்

முதல் குறை, வேட்டைக்காரரின் கண்ணே ஒரு சல்லடை. கொம்பு பெரிதாக உள்ள கிழட்டுக் கடமான் அங்குலக் கணக்கில் அளக்கப்படும். பெட்டையும் குட்டியும் கண்ணில் பட்டாலும் ஏட்டில் ஏறுவது அரிது. அதனால் ஒரு கூட்டத்தில் கலை எத்தனை, பிணை எத்தனை என்ற எளிய கணக்கைக்கூட இத்தகைய குறிப்புகளிலிருந்து நம்பிக்கையோடு எடுக்க முடியாது. பெரிய கொம்புகளே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, அக்காலக் காட்டில் அத்தகைய மான்களே நிறைந்திருந்தன என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இரண்டாவது குறை, வெறுங்கையோடு திரும்பிய நாட்கள். பத்து நாள் அலைந்து ஒரு மான் கண்டதும், ஒரே நாளில் ஒரு மான் கண்டதும் ஒன்றல்ல. நாட்குறிப்பில் எல்லா நாளும் இருக்கலாம். அச்சுக்கு வரும்போது வெறும் நாட்கள் சுருங்கிப்போவது இவ்வகை நூல்களின் இயல்பு. அலைந்த நாட்களின் எண்ணிக்கை தெரியாமல், கண்ட மான்களின் எண்ணிக்கைக்கு முழுப் பொருள் கிடையாது.

மூன்றாவது குறையே பெரியது. ஆனைமலையில் காடர், மலசர், நீலகிரியில் குறும்பர், இருளர், பழனியில் பளியர், புலையர் ஆகியோர் வழிகாட்டாமல் அன்றைய துரைமார் எவரும் இம்மலைகளில் வேட்டையாடவில்லை. குளம்படியின் ஓரம் காய்ந்திருக்கிறதா, புழுக்கை ஈரமாக உள்ளதா, மான் நின்று மேய்ந்ததா, மிரண்டு ஓடியதா என்பதைப் படித்துச் சொன்னவர்கள் அவர்கள். வேட்டை நூல்களில் அவர்கள் பெரும்பாலும் குலப்பெயரோடு நின்றுவிடுகிறார்கள். தனிப்பெயர் வரும் இடங்களிலும் அவர்கள் அறிந்தது அவர்கள் சொல்லில் வருவதில்லை. துப்பாக்கியின் விசையை இழுத்தவரே அறிந்தவராகவும் ஆகிவிடுகிறார். தமிழிலோ மலைமொழிகளிலோ அந்த அறிவு எழுத்தில் ஏறாமல் போனதால், இன்று ஆங்கில நூலின் வரிகளுக்கிடையே அதைத் தேட வேண்டியுள்ளது.

நாட்குறிப்பிலிருந்து சட்டம்

டக்ளஸின் இன்னொரு சகோதரர் ரிச்சர்ட் ஹாமில்டன் 'ஹாக்ஐ' என்ற புனைபெயரில் நீலகிரி வேட்டை பற்றி இதழில் எழுதிய கடிதங்கள் 1876ல் 'கேம்' என்ற நூலாயின. விலங்குகள் குறைந்துவருவதை வேட்டைக்காரர்களே உணரத் தொடங்கியிருந்தனர். 1877ல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை தடைசெய்யப்பட்ட பருவமும் உரிம முறையும் நடைமுறைக்கு வந்தன.

இதைப் பாதுகாப்பின் தொடக்கம் என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகாது. கட்டணம் கட்டி உரிமம் பெற்றவருக்கே காடு திறந்தது. கண்ணி வைத்து இறைச்சிக்காக மான் பிடித்த மலைமக்கள் திருட்டு வேட்டைக்காரர் என்று பெயர் பெற்றனர். எவரிடம் வழி கேட்டு வேட்டை நடந்ததோ அவரே குற்றவாளி ஆனார்.

1972ல் வந்த காட்டுயிர் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமத்துடன் வேட்டையாட இடம் தந்தது. 1991ல் செய்த திருத்தமே அந்த வழியை அடைத்தது. இன்று இந்தியாவில் மான் வேட்டை குற்றம். ஹாமில்டனைப் படிப்பதற்கு அவர் செய்ததை ஏற்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. படிக்காமல் ஒதுக்கினால், அந்த மலைகள் எவ்வளவு இழந்தன என்பதற்கான சாட்சியத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.

துப்பாக்கி இல்லாத நாட்குறிப்பு

குறிப்பெழுதும் பழக்கம் துப்பாக்கியோடு முடிந்துவிடவில்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) 1950 முதல் மறையும் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய இயற்கைப் பத்தி, கேமராவும் பொறுமையும் கொண்டு எழுதப்பட்டது. வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் 1975ல் வரையாடுகள் பற்றி முறையான கள ஆய்வு செய்தார். அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் 2024ல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு 1,031 வரையாடுகள் என்றும், 2025ல் நடந்தது 1,303 என்றும் மதிப்பிட்டன. பெரிய கொம்புக்கு மட்டும் இடமளித்த பழைய ஏட்டுக்கும், பெட்டையையும் குட்டியையும் சேர்த்து எண்ணும் இந்தக் கணக்குக்கும் உள்ள தொலைவே இத்துறையின் வளர்ச்சி.

இந்நூலின் குறைகளை அறிந்த மாணவர் நல்ல குறிப்பேடு ஒன்றைத் தொடங்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மாணவருக்குக் கிண்டி தேசியப் பூங்கா எட்டும் தூரத்தில்தான் உள்ளது. அங்கே புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. புள்ளிமான் கலைக்குக் கொம்பு விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு விழுவதில்லை. கொம்பின் மேல் மென்தோல் இருந்த மாதம் எது, உரிந்த மாதம் எது என்று ஓராண்டு குறித்தாலே பாடநூலில் இல்லாத செய்தி கிடைக்கும்.

அந்த ஏட்டில் தேதி, நேரம், இடம், வானிலை, கலை, பிணை, குட்டி ஆகியவற்றின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். எதுவும் காணாத நாளையும் எழுத வேண்டும். வழிகாட்டியவர், அடையாளம் சொல்லித்தந்தவர் யார் என்பதை அவர் ஒப்புதலோடு பெயரிட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். ஹாமில்டனின் நூலில் நாம் தேடித் தேடிக் காணாதது அந்தக் கடைசி வரிதான்.